மாமனார் பெயர்

"தாஸ்தெமிர்! அவ்வளவுதாம்மா வசனம். ஒரே ஒரு பேரு!" என்று மூன்றாவது முறையாகக் கத்தினார் இயக்குநர்.

உல்ஜான் வாயைத் திறந்தாள். மூடினாள்.

பதினொரு படங்களில் நடித்தவள். தேநீர் ஊற்றுவாள், ஒப்பாரி வைப்பாள், கதாநாயகன் வந்தால் கூடாரத்தின் வாசல் துணியைத் தூக்கிப் பிடிப்பாள். வசனம் கிடைத்தது இதுதான் முதல் தடவை. போருக்குப் போன மகன் திரும்பவில்லை. தாய் மேட்டில் ஏறி நின்று அவன் பெயரைக் கூப்பிட வேண்டும்.

அந்தப் பெயர் அவளுடைய மாமனார் பெயர்.

எங்கள் கஜக் வீடுகளில் மருமகள் மாமனார் பெயரை உச்சரிக்க மாட்டாள். பெயரில் வரும் 'தெமிர்' என்றால் இரும்பு. ரயில் பாதையை ஊரே இரும்புப் பாதை என்கிறது. இவள் மட்டும் இருபத்திரண்டு வருடமாகக் 'கறுப்புப் பாதை' என்கிறாள். ஸ்டேஷனில் சிரிக்காத ஆள் இல்லை. இவள் அசரவில்லையே!

மாஸ்கோவிலிருந்து வந்த இயக்குநருக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது? பெயரை மாற்றவும் வழியில்லை. மற்ற காட்சிகளையெல்லாம் எடுத்து முடித்தாகிவிட்டது.

போதாக்குறைக்கு மாமனாரே வந்திருந்தார். படப்பிடிப்பு அவருடைய ஊர்ப் பக்கம். கூட்டத்தில் உட்கார ஆள் வேண்டும் என்று கூட்டி வந்திருந்தார்கள். எண்பது வயது, குதிரைச் சேணத்தில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பிலிம் இன்னும் இரண்டு தடவைக்குத்தான் இருந்தது.

"இப்பவும் வாய் திறக்கலைன்னா ராபிகா பேசட்டும்," என்றார் இயக்குநர்.

ராபிகா நான்தான். அவளைப் போலவே வெள்ளை முக்காடு கட்டித் தயாராக நின்றேன். எனக்கும் ஒன்பது படம். எனக்கும் வசனம் இல்லை. பொய் சொல்வானேன், அவள் வாய் திறக்கவே கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். ஆனாலும் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"ஏண்டி, கிழவர்தான் தூங்குறாரே. சொல்லித் தொலையேன்!"

உல்ஜான் மாமனார் இருந்த பக்கம் திரும்பி முழங்காலை மடக்கி வணங்கினாள். பிறகு மேட்டில் ஏறினாள். கேமரா ஓடியது.

கூப்பிட்டாள்.

அடிப்பாவி, இந்தக் குரலை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள்!

சேணத்திலிருந்து தலை நிமிர்ந்தது. கிழவர் எழுந்தார். தட்டுத்தடுமாறி மேட்டில் ஏறி, நேராகக் கேமராவுக்கு முன்னால் போனார்.

போச்சு, வசனம் எனக்குத்தான் என்று நினைத்தேன். 'கட்' சொல்லக் கையைத் தூக்கிய இயக்குநர் அப்படியே நின்றுவிட்டார்.

உல்ஜான் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கிழவர் அவளைப் பார்க்கவே இல்லை. அவளைத் தாண்டிப் போய் வெட்டவெளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எங்காத்தா கூப்பிட்டாளே," என்றார். "எங்க அவ?"