கைராசி

"சிஸ்டர்! என் பிள்ளைக்கு மூச்சு வாங்குது! ஓடி வாங்க!"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஜன்னலோரக் கட்டில்காரிதான். வந்த அன்றைக்கே அவளுக்குக் குழந்தைகள் வார்டில் 'மைக்செட்' என்று பெயர் விழுந்துவிட்டது.

நர்ஸ் ஓடி வந்தாள். கட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்ததால் தலைமாட்டுக்குப் போக வழி கிடையாது. கால்மாட்டில் நின்றபடியே, போர்வைக்கு வெளியே நீளும் காலைப் பிடித்துக் கட்டைவிரலில் கிளிப்பை மாட்டி எண்ணைப் பார்ப்பாள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் அந்தக் கிளிப் வார்டுக்கே ஒன்றுதான்.

"தொண்ணூத்தேழு. நம்ம எல்லாரையும் விட உங்க பையன் நல்லா இருக்கான்."

பையன் நாக்கை நீட்டிக் காட்டினான்.

"இப்ப சரியாயிடுச்சு போல" என்றாள் மைக்செட்.

"காலையில இருந்து இது ரெண்டாவது தடவை."

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு சொல்வாங்க" என்றார் எதிர்க் கட்டில் குழந்தையின் அப்பா. "இங்க அழுத அம்மாவோட பிள்ளைக்குத்தான் கிளிப்பு."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள் கணக்கு. மைக்செட்டின் பையனோடு அதே போர்வைக்குள் ஒரு பாப்பா படுத்திருந்தது. அதன் அம்மா சின்னப் பெண், அவளுக்கு முதல் பிள்ளை. குரலை உயர்த்தினால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்பதுபோலச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பாள்.

"வந்ததுதான் வந்தீங்க, இந்தப் பாப்பாவுக்கும் ஒரு தடவை வெச்சுப் பாத்துடுங்களேன்" என்றாள் மைக்செட்.

"ஐயோ, வேணாங்க்கா" என்று சின்ன அம்மா பதறினாள். "ராத்திரியெல்லாம் அழுதுட்டு இப்பதான் கண்ண மூடியிருக்கா. தொட்டா எழுந்துடுவா."

"அதுக்குக் காலையிலேயே பாத்தாச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. எவ்வளவு சமத்தா தூங்குது பாருங்க." கதவுப் பக்கம் வேறு யாரோ சிஸ்டரைக் கூப்பிட்டார்கள். நர்ஸ் கிளிப்பைக் கழற்றினாள். "நீங்க உங்க பிள்ளையை மட்டும் பாருங்கம்மா. ஊர்க் கவலை உங்களுக்கு எதுக்கு?"

"சரி தாயே. என் பிள்ளையையே பாத்துக்கறேன்."

சின்ன அம்மா ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போனாள்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

"சிஸ்டர்! ஐயோ என் பிள்ளை! சிஸ்டர்!"

இந்தத் தடவை ஒருவரும் திரும்பவில்லை.

"ஒலிபரப்பு ஆரம்பிச்சாச்சு" என்றார் எதிர்க் கட்டில் அப்பா.

"வரேன், வரேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள் நர்ஸ். "இன்னொரு தடவை கத்துனா உங்களைத்தான் அட்மிட் பண்ணணும்."

போர்வைக்கு வெளியே ஒரே ஒரு கால் நீண்டிருந்தது. முகத்தைக்கூடப் பார்க்காமல் அதைப் பிடித்துக் கிளிப்பை மாட்டினாள். எண் வந்தது. கழற்றி, விரலைத் துடைத்து, மறுபடி மாட்டினாள்.

எழுபத்தொன்பது.

"என்னம்மா இது!"

கட்டில்மேல் முழங்காலை ஊன்றி ஏறினாள். பையன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் பிடித்திருந்தது அவன் காலே இல்லை. பக்கத்தில் படுத்திருந்த பாப்பாவின் கால்.

கன்னத்தைத் தட்டினாள். வெறும் தூக்கமாக இருந்தால் சிணுங்கியாவது இருக்கும்.

"ஆக்ஸிஜன்! யாராவது அந்த சிலிண்டரைத் தள்ளிட்டு வாங்க!"

மைக்செட்டைவிடப் பெரிய குரல். எதிர்க் கட்டில் அப்பாதான் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். மெல்லிய குழாய் பாப்பாவின் மூக்கில் ஏறியது. வெந்நீரோடு திரும்பிய சின்ன அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். மைக்செட் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

வார்டே கால்மாட்டில் கூடிவிட்டது.

"எண்பத்து மூணு" என்று வாசித்தார் எதிர்க் கட்டில் அப்பா. "எண்பத்தேழு... அங்கேயே நிக்குது... இல்ல, எண்பத்தொம்போது... தொண்ணூறு!"

"கத்தாதீங்க சார், இது ஆஸ்பத்திரி" என்ற நர்ஸ், அடுத்த எண்ணைத் தானே கத்தினாள்: "தொண்ணூத்தி மூணு!"

பாப்பா கண்ணைத் திறந்தது. தன்னைச் சுற்றி இத்தனை முகங்களைப் பார்த்ததும் வாயைப் பிளந்து, கட்டில் அதிர அழுதது. அதை அடக்கும்படி யாரும் சொல்லவில்லை. சின்ன அம்மா அதைவிடச் சத்தமாக அழுதாள்.

டாக்டர் வந்து மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். எண்ணைப் பார்த்தார்.

"சரியான நேரத்துல பிடிச்சிருக்கீங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கல டாக்டர். தப்பான காலைப் பிடிச்சுட்டேன்."

"ரொம்ப நல்ல தப்பு."

"தப்பாவது ஒண்ணாவது! கைராசி சார், கைராசி" என்றார் எதிர்க் கட்டில் அப்பா. சின்ன அம்மா நர்ஸின் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

"இனிமே சத்தமில்லாம படுத்திருக்கிற பிள்ளைக்குத்தான் முதல் கிளிப்பு" என்றாள் நர்ஸ்.

எதிர்க் கட்டில் அப்பா மைக்செட்டின் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா, நிஜமான ஆபத்துன்னா எப்படி இருக்கும்னு? உன் பிள்ளை கல்லு மாதிரி இருக்கான். இனிமேலாவது கொஞ்சம் வாயை மூடிட்டு இரு."

"சரிங்கண்ணே."

கூட்டம் கலைந்து அவரவர் கட்டிலுக்குப் போனது. மைக்செட் போர்வைக்குள் கையை விட்டு, துண்டால் சேர்த்துக் கட்டி உள்ளே மடக்கி வைத்திருந்த பையனின் கால்கள் இரண்டையும் அவிழ்த்துவிட்டாள்.