போனில் பேசியவர்

"ஜாவாவுல ரெண்டு வார்த்தை ஒண்ணுதானான்னு பாக்க, டபுள் ஈக்வல் போட்டா ஏன் சில நேரம் தப்பா வருது?"

கேட்டுவிட்டு ரேகா பேனாவை மூடி வைத்தாள். கேள்வி சம்பிரதாயத்துக்குத்தான். பதில் நன்றாகவே வரும் என்று அவளுக்குத் தெரியும்.

எதிரே இன்டர்வியூவுக்கு வந்து உட்கார்ந்திருந்தவன் கதிர்வேல்.

"ஈக்வல்ஸ் போடணும் மேடம்."

"சரி. ஏன் போடணும்?"

"அது... ரூல் மேடம்."

ரேகா நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்த முதலாளி தில்லைநாதனும் தலையைத் தூக்கினார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. அந்த 2008-ஆம் வருடம் முதல்முறையாகச் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஆர்டர் வந்திருந்தது. ஜாவா நன்றாகத் தெரிந்த ஒரு ஆள் உடனே வேண்டும். கிடைக்காவிட்டால் ஆர்டர் வேறு யாருக்கோ போய்விடும். சென்னையில் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகிக் கடலூருக்கு வந்திருந்த ரேகாதான், முதலில் போனில் பேசிப் பார்த்து, தேறியவர்களை மட்டும் நேரில் கூப்பிடலாம் என்று இந்த மாதம் புதிதாக ஏற்பாடு செய்திருந்தாள். அப்படித் தேறியவன் கதிர்வேல் ஒருவன்தான்.

"இதே கேள்விக்குப் போன்ல என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

ரேகாவே தொடர்ந்தாள்.

"எனக்கு இருக்கு. 'சிதம்பரத்துல ரெண்டு கதிர்வேல் இருந்தா, ரெண்டு பேரும் ஒரே ஆளா மேடம்? டபுள் ஈக்வல் ஆளு ஒண்ணான்னு பாக்கும், ஈக்வல்ஸ் பேரு ஒண்ணான்னு பாக்கும்'னு சொன்னீங்க. சென்னையில எத்தனையோ பேரை இன்டர்வியூ பண்ணியிருக்கேன். இவ்ளோ லேசா யாரும் சொன்னதில்ல."

"டென்ஷன்ல மறந்துடுச்சு மேடம்."

"பரவால்ல. இன்டர்ஃபேஸ்னா என்ன? அதையாவது சொல்லுங்க."

கதிர்வேல் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். பாதியிலேயே அது அவனுக்கே நம்பிக்கையில்லாமல் போய் நின்றுவிட்டது. கழுத்தில் டை இறுக்கியது. அதைத் தளர்த்தலாமா கூடாதா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டான்.

ரேகா குரலைத் தணித்துக் கேட்டாள்.

"போன்ல பேசினது நீங்க இல்லதானே?"



"இல்ல மேடம்."

தில்லைநாதன் மேசையைத் தட்டினார்.

"எவ்ளோ தைரியம்டா உனக்கு! குறிஞ்சிப்பாடியில உங்கப்பா கொளஞ்சியப்பன் எப்பேர்ப்பட்ட மனுஷன்! நம்ம பையனாச்சேன்னு நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன். ஆள் மாறாட்டம் பண்றியா?"

"தப்புதான் சார். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." கதிர்வேல் எழுந்து நின்றுவிட்டான்.

"உக்காருங்க," என்றாள் ரேகா. "பேசினது யாரு?"

"என் ஃப்ரெண்டு மேடம், எழிலன். சிதம்பரத்துல ஒண்ணாப் படிச்சோம். பரீட்சை வந்தா எங்க செட்டே அவன் ரூம்லதான் கெடக்கும். அவன் சொல்லிக்குடுத்துதான் நாங்கல்லாம் பாஸ் பண்ணோம்."

"இப்ப எங்க வேலை பாக்குறாரு?"

"எங்கயும் இல்ல மேடம். கிள்ளையில வீட்லதான் இருக்கான்."

ரேகா தில்லைநாதன் பக்கம் திரும்பினாள்.

"சார், எனக்கு இந்த ஆள்தான் வேணும். இவரு வந்தா ஆர்டரைச் சொன்ன தேதிக்கு முடிச்சுக் குடுத்துடலாம்."

"பொய்க்குத் துணை போனவனாச்சேம்மா?"

"ஃப்ரெண்டுக்காகப் பண்ணிட்டாரு. அதை நான் கேட்டுக்குறேன். ஆனா அந்த மாதிரி ஜாவா தெரிஞ்சவங்க இந்தப் பக்கத்துல கெடைக்க மாட்டாங்க சார்."

தில்லைநாதன் கன்னத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார். சிங்கப்பூர் ஆர்டர் கண்ணுக்குள் வந்து போயிருக்க வேண்டும். முகத்தில் கோபம் வடிந்தது.

"அதுவும் சரிதான். நமக்கு ஆளு முக்கியமில்ல, திறமைதான் முக்கியம். வீட்ல சும்மா உக்காந்திருக்கிறவன்கிட்ட இவ்ளோ விஷயம் இருக்கு, நமக்குத் தெரியாமப் போச்சு பாரேன்!" செல்போனைக் கையில் எடுத்தார். "நம்பரைச் சொல்லு தம்பி. நானே பேசறேன். நாளைக்கே வந்து சேரட்டும்."



"வரமாட்டான் சார்."

"ஏன்? கிள்ளையிலேருந்து தூரம்னு பாக்குறானா? இங்கயே ரூம் பாத்துக் குடுக்கலாம்."

"தூரமெல்லாம் இல்ல சார். போன மாசமே இங்க வந்துட்டுத்தான் போனான்."

ரேகாவுக்குப் புரியவில்லை. "இங்க வந்தாரா? நான் பாக்கவேயில்லையே?"

"நீங்க அன்னிக்கு லீவு மேடம். சார்தான் பாத்தாரு."

தில்லைநாதன் போனைப் பிடித்தபடியே புருவத்தைச் சுருக்கினார். அப்படி ஒருவன் வந்த ஞாபகமே அவருக்கு இல்லை.

கதிர்வேல் அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தான்.

"எனக்காகப் பேசணும்னு நான் அவனைக் கேக்கல சார். உங்க கம்பெனியில ஜாவாவுல என்னதான் கேப்பாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாக்கணும்னு அவனாத்தான் போனை வாங்கினான். நேர்ல வந்தப்ப நீங்க அவனைக் கேட்டது, கிள்ளையில எந்தத் தெருன்னு மட்டும்தானே?"