கூடமும் கிடங்கும்

ஒரு சின்னக் கணினிக்குள் இயக்கி என்று ஒருத்தி இருந்தாள். வேலை செய்ய வருகிற நிரல்களுக்கெல்லாம் இடம் கொடுப்பது அவள் வேலை. நினைவகம் என்கிற கூடமோ சிறியது. ஆனாலும் எல்லோரிடமும் “தாராளமா இருங்க” என்பாள். சும்மா கிடக்கும் சாமான்களைச் சத்தமில்லாமல் வட்டு என்கிற தூரத்துக் கிடங்கில் கொண்டுபோய் வைப்பாள். கேட்டால் ஓடிப்போய் எடுத்து வருவாள்.

ஒரு நாள் ஓவியமும் பாட்டும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டுக்குமே முழுக் கூடமும் வேண்டும்.

“அக்கா, என் மெட்டு எங்கே?” என்றது பாட்டு. ஓவியத்தின் வண்ணங்களை வட்டில் போட்டுவிட்டு மெட்டோடு ஓடி வந்தாள்.

“என் நீலத்தை எங்கேக்கா வச்சே?” என்றது ஓவியம். மறுபடி ஓடினாள். பாட்டும் நகரவில்லை, ஒரு கோடும் விழவில்லை. இப்படியே போனால் வெளியே கணினி முன்னால் இருப்பவர் பொறுமையிழந்து அதை நிறுத்திவிடுவார், இரண்டுமே அழிந்துபோகும். அந்தப் பயத்தில் இன்னும் வேகமாக ஓடினாள்.

“ஏம்மா, ஒண்ணைத் தூங்க வையேன்” என்றது வட்டு.

“கைவிட்டுட்டேன்னு நினைச்சுக்குமே!”

“இப்ப மட்டும் ரெண்டையும் தாங்குறியாக்கும்!”

இயக்கி பாட்டை மொத்தமாகத் தூக்கிவந்து வட்டில் கிடத்தினாள்.

“கொஞ்சம் கண்ணை மூடிக்கோ. வந்து எழுப்புறேன்.”

“வராட்டி?”

அவள் மெட்டை அதன் பக்கத்திலேயே வைத்தாள். பிறகு கூடத்துக்குத் திரும்பினாள். அங்கே ஓவியத்தில் முதல் கோடு விழுந்திருந்தது.

கடைசிக் கோடும் விழுந்த பிறகு பாட்டை எழுப்பப் புறப்பட்டாள். அன்றைக்கு முதல் தடவையாக நடந்து போனாள்.