மரத்துக்கு வராத கத்தி

மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு வந்ததும் இந்தப் பக்கத்துப் பொட்டலில் ஓர் ஊர் முளைத்தது. தெருவெல்லாம் சாராயக்கடை, போலீஸ் மட்டும் கிடையாது. மாசாணி தன் கடைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள்: குடிக்க வருகிறவன் இடுப்புக் கத்தியை வாசல் வேலமரத்தில் குத்திவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மாட்டேன் என்ற ஒருவன், தடுத்த அவள் புருஷனைக் குத்திவிட்டுப் போனான். பிணத்தை வண்டியில் போட்டுக்கொண்டு டவுன் ஸ்டேஷனுக்குப் போனாள். "அது எங்க எல்லை இல்லம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு மதுவிலக்கு நீங்கியது. ஊர் வந்த வேகத்தில் கலைந்தது. மாசாணியும் மரமும்தான் மிச்சம். எடுக்க ஆள் திரும்பி வராத கத்திகளை மரப்பட்டை பாதி விழுங்கியிருந்தது. கொலை விழுந்த காலத்தில் எட்டிப் பார்க்காதவர்கள், ஆளில்லாத பொட்டலில் இப்போது ஸ்டேஷன் திறந்தார்கள். முதல் வழக்கு மாசாணி மேல். ஊரே பார்க்க மரத்தில் நின்ற கத்திகளை அவள் பதுக்கி வைத்திருந்தாளாம். இன்ஸ்பெக்டர் கத்திகளைப் பிடுங்கச் சொன்னார். போலீஸ்காரர்கள் மரத்தில் காலை ஊன்றி இழுத்தார்கள்.

"நல்லாப் பிடுங்குங்க சார்," என்றாள் மாசாணி. "எம் புருசனக் குத்துன கத்தி இதுல இருக்காது. இதெல்லாம் எம் பேச்சக் கேட்டவனுங்க கத்தி."