பஸ் போகாத இடம்

பஸ் நிறுத்தத்திலிருந்து மூன்று நிமிட நடை என்றதுமே மகேந்திரன் அந்த இடத்தைச் சிவப்புப் பேனாவால் வெட்டினார்.

“பஸ் வந்தால் சனம் வரும். சனம் வந்தால் சத்தம் வரும். பிறகு இயற்கை எங்க வரும்?” என்று கேட்டார். பதில் தேவைப்படாத கேள்விகளைக் கேட்பதில் அவருக்கு ஒன்பது வருடப் பயிற்சி. தமிழ்ச் சங்கத் தலைவராக அவர் இருந்துவருவதும் அதே ஒன்பது வருடங்கள்தான்.

சுவிற்சர்லாந்தின் ஓஸ்டர்முண்டிகனில், அவருடைய வீட்டு மேசையில், கோடைக்காலக் கூடார முகாமுக்கான இடத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. வெட்டுப்பட்டது ஃப்ரிபூர்க் பக்கத்து அணைக்கட்டு ஏரி. செயலாளர் தவச்செல்வன் அடுத்த படத்தை நகர்த்தினார்.

“அப்ப இது, அண்ணை? பக்கத்திலேயே இயற்கைப் பூங்கா. ரயிலாலை இறங்கினால் பத்து நிமிசம்.”

“தம்பி, அது மானும் மரையும் நிம்மதியா நிக்கிற இடம். அதுக்குள்ள நாங்கள் போய்க் கொத்துரொட்டி தட்டினால் அதுகள் என்ன பாடுபடும்?”

போன வருடம் வேலையிடத்து விருந்தில் மான் இறைச்சியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கியவர் இதைச் சொன்னார். பொருளாளர் குலேந்திரன் உருக்கமாகத் தலையாட்டினார்.

விஷயம் மானல்ல. சங்கத்தின் வருடாந்தக் கூட்டமும் தலைவர் தெரிவும் முகாமில்தான் நடக்கும். மதியச் சாப்பாடு முடிந்து, சனம் கண் சொருகும் நேரம் பார்த்துக் கை உயர்த்தச் சொல்வது மகேந்திரனே கண்டுபிடித்த முறை.

இந்த வருடம் தவச்செல்வன் போட்டியிடப்போவதாகக் கதை. அவர் பக்கத்து ஆட்கள் ஆஸ்பத்திரியிலும் ஹோட்டல்களிலும் துப்புரவு வேலை செய்பவர்கள். கார் கிடையாது. மகேந்திரனின் ஆட்களிடமோ ஆளுக்கொரு கார்.

“இதுதான் இடம்!” என்று மூன்றாவது படத்தை மகேந்திரன் தட்டினார். வலிஸ் மாநிலத்து மலையில் ஆயிரத்து எண்ணூறு மீட்டர் உயரத்தில் ஒரு நீர்த்தேக்கம். பஸ் அடிவாரக் கிராமத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் பதினொரு கொண்டை ஊசி வளைவுகள். “பாக்கவே ஊரிலை எங்கட வன்னி இரணைமடுக் குளம் மாதிரி இருக்கு.” இரணைமடுவை அவர் பஸ் யன்னலுக்குள்ளால்கூடக் கண்டதில்லை.

“லீவில்லாத சனம் அவ்வளவு தூரம் எப்பிடி அண்ணை வாறது?”

“மனம் வேணும், தம்பி.”

தேநீர்த் தட்டோடு வந்த மனைவி சந்திரமதி படத்தை எட்டிப் பார்த்தார். ஒன்பது முகாம்களிலும் எண்பது பேருக்குச் சமைத்தவர் அவர்தான்.

“அங்க போன் எடுபடுமோ?”

“எடுபடாது. அதுதானே இயற்கை!”

“அப்ப இதையே வையுங்கோ.”

மனைவியே ஆமோதித்த பூரிப்பில் மகேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தவச்செல்வன் மேற்கொண்டு வாதாடாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஓகஸ்ட் முதலாம் திகதி சுவிஸ் தேசிய தின விடுமுறையை ஒட்டி வந்த வெள்ளிக்கிழமை, குலேந்திரனின் வான் வண்டி பதினான்கு கூடாரங்களையும் தலைவரையும் மலைமேல் இறக்கியது. “நீங்கள் கூடாரத்தை அடிச்சுக்கொண்டிருங்கோ அண்ணை. நாளைக்குக் காலமை பத்துக்கு இறைச்சியோடையும் சனத்தோடையும் வாறன். சந்திரமதி அக்காவும் வேலை முடிஞ்சு என்னோடைதான் வாறா” என்று சொல்லிவிட்டுக் குலேந்திரன் வானோடு மலையிறங்கிப் போனார்.

சனிக்கிழமை பத்தானது. பன்னிரண்டும் ஆனது. பதினான்கு கூடாரங்களுக்கு நடுவே மகேந்திரன் ஏற்புரையை மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டார். நடந்துபோன சுவிஸ் கிழவர் ஒருவர், இங்கே கல்யாணமா என்று விசாரித்தார்.

இரண்டு மணிக்கு முகாம் அலுவலகத்துப் பெண் வந்து, தொலைபேசி அழைப்பு என்றாள். மகேந்திரன் ஓடினார்.

“எங்க நிக்கிறியள்? வான் பழுதோ?”

“இல்லை” என்றது சந்திரமதியின் குரல். பின்னால் பிள்ளைகளின் கூச்சலும் சிரிப்பும் கேட்டன. “கூட்டம் முடிஞ்சு இப்பத்தான் சனம் சாப்பிடுது.”

“என்ன கூட்டம்? எங்க?”

“ஃப்ரிபூர்க் ஏரியடியிலை. உங்கட கார்க்காரரும் இஞ்சதான். நிர்வாகத்திலை மூண்டு பேரிலை ரெண்டு பேர் ஒத்துக்கொண்டால் இடத்தை மாத்தலாமாம். சங்கத்து யாப்பு விதியிலை இருக்காம். நீங்கள்தானாம் எழுதினது.”

மூன்றில் இரண்டு. மகேந்திரனுக்குக் கணக்கு விளங்கச் சற்று நேரமெடுத்தது.

“குலேந்திரனுமோ? அவன்ரை அகதி வழக்குக்குக் கடிதம் எழுதிக் குடுத்ததே நான்!”

“ஓம். அதை ஒன்பது வருசமா எல்லா மேடையிலையும் சொல்லிப்போட்டியள்.”

யன்னலுக்கு வெளியே ஆளில்லாத கூடாரங்கள் காற்றில் படபடத்தன. கீழே இறங்க வான் இல்லை, பஸ்ஸும் இல்லை.

“என்னை இந்த மலையிலை கொண்டுவந்து தனிய விட்டுட்டு, அந்தத் தவச்செல்வன் என்ரை தலைவர் கதிரையிலை குந்திட்டான், என்ன?”

“பாவம், அவரைத் திட்டாதேங்கோ. அவர் போட்டிக்கு நிக்கவேயில்லை. முன்மொழிஞ்சதோடை சரி.”

“பின்ன ஆரடியப்பா தலைவர்?”

“நீங்கள் இப்ப தலைவரோடைதான் கதைக்கிறியள்.”