வெறும் எண்ணெய் ஊசி

ஆய்வுக்கூடம் ஒன்றில் அடுத்தடுத்த கூண்டுகளில் இரண்டு பெண் எலிகள் இருந்தன. ஒன்றின் வாலில் சிவப்பு மை, மற்றதன் வாலில் நீல மை. உடம்பில் பெண் ஹார்மோன் தானாக ஊறாதபடி இரண்டுக்கும் சினைப்பையை அறுத்து எடுத்திருந்தார்கள்.

காலையில் ஊசிக்காரி வருவாள். செவ்வாலுக்குப் பெண் ஹார்மோன் கலந்த எண்ணெய்; நீலவாலுக்கு வெறும் எண்ணெய். பிறகு கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் எலியை விட்டு, எது எவ்வளவு நேரம் வலையருகே நிற்கிறது என்று கடிகாரத்தை அமுக்கிப் பார்ப்பாள்.

செவ்வால் வலையில் வைத்த மூக்கை எடுக்காது. நீலவால் திரும்பிக்கூடப் பார்க்காது.

"அங்க அப்படி என்னடி இருக்கு?" என்று கேட்டது நீலவால்.

"ஒரு வாசம். புது உமி கொட்டுற அன்னிக்கு வருமே, அது மாதிரி. ஆனா இது கூப்பிடுது. போகாம இருக்க முடியல," என்றது செவ்வால்.

"இன்னொரு தடவ சொல்லு."

அன்றிலிருந்து தினமும் கேட்டது. செவ்வாலும் தினமும் சொன்னது.

சோதனை முடிந்தது. நீலவாலிடம் எந்த மாற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஊசிக்காரி கடிகாரத்தை மேசைக்குள் வைத்தாள். ஊசியும் நின்றது. சில நாளில் செவ்வால் உமிக்குள் சுருண்டு நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தது.

ஒரு மத்தியானம் அது கண் விழித்தபோது, நீலவால் கம்பியில் மூக்கைப் பதித்து நின்றுகொண்டிருந்தது. வலைக்கு அந்தப் பக்கம், ஆண் எலியை விட்ட இடம் காலியாக இருந்தது.

"அங்க என்னடி பண்ற?"

"நீ சொன்னியே, கூப்பிடுற வாசம். வருதான்னு பாக்குறேன்."

"எந்த வாசம்?" என்று கேட்டுவிட்டு, செவ்வால் புரண்டு படுத்தது.