வேப்பிலை கட்டிய வாசல்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால், சேரியின் கடைசிக் குடிசை முன் பாதிரியாரின் மனைவி கிளாரா நிற்கிறாள். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறிய வாடை வெயிலில் அசையாமல் கிடக்கிறது. வாசலில் பச்சை இலைக்கொத்து தொங்குகிறது. கப்பலேறி வந்த நாள் முதல் மூடிய கதவுகளையே பார்த்தவளுக்கு, மிஷன் கோயிலில் தங்களை வரவேற்கக் கட்டிய மாவிலைத் தோரணம் நினைவுக்கு வருகிறது. இதுவும் நமக்காகத்தான் என்று பூரிக்கிறாள். இடுப்பில் மகள் ஆக்னஸ். கைக்குழந்தை; வேலூர் போகும்போது அம்மைத் தடுப்பு குத்திக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறாள். குடிசை இருட்டிலிருந்து வீட்டுக்காரி காத்தாயி வருகிறாள். தலை வாரவில்லை, முந்தானையெல்லாம் மஞ்சள் கறை. உள்ளே ஏதோ பிள்ளை முனகுகிறது. "தொடாதீங்கம்மா, அப்பால போங்க" என்று பின்வாங்குகிறாள். தீட்டுக்குப் பயந்து ஒதுங்குகிறவர்கள் இந்தத் தெருவில் தினமும் சொல்வதுதான். அதை உடைக்கத்தானே கடல் தாண்டி வந்தது? "கர்த்தருக்கு முன் தீட்டு இல்லை அம்மா" என்று, படித்த தமிழில் நிதானமாகச் சொல்லி, ஆக்னஸை அவள் கைகளில் வைக்கிறாள் கிளாரா. கீழே விடவும் முடியாமல் அணைக்கவும் முடியாமல் காத்தாயி கைகளைத் தள்ளி நீட்டியே பிடித்திருக்கிறாள். குழந்தை சிரித்துக்கொண்டே மஞ்சள் முந்தானையைப் பிடித்து வாயில் வைக்கிறது. தெருமுனையில் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த வண்டிக்காரன் மாசிலாமணி அப்போதுதான் வேப்பிலையைப் பார்க்கிறான். கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வருகிறான். "அம்மை வாத்திருக்கிற வூடு தொரசாணி அது. புள்ளய வாங்கினு வந்துடுங்க." கிளாராவின் முகத்தில் புன்னகை இன்னும் கலையவில்லை. கை நீட்டுகிறாள். ஆக்னஸ் முந்தானையை விடுவதாக இல்லை.